உகுலேலேயா, கிட்டாரா? குமரி மாவட்டத்தில் புதிதாகக் கற்க வருகிறவர்களுக்கு

பரீட்சை முடிந்து பெரிய லீவு விடும் நேரத்தில் தெரிந்த வீடுகளில் இருந்து எனக்கு அதிகம் வருகிற கேள்வி இது: பிள்ளை இசை படிக்க ஆசைப்படுகிறாள், உகுலேலே (கிட்டார் மாதிரியே இருக்கும் நாலு கம்பிச் சின்னக் கருவி) வாங்கவா, கிட்டார் வாங்கவா? பெரியவர்களும் கேட்கிறார்கள். வேலை முடிந்து வந்து திண்ணையில் உட்கார்ந்து நாலு பாட்டு பாட ஒன்று வேண்டும், கிட்டார் கஷ்டம் என்கிறார்களே, சின்னது போதுமா என்று. யூடியூபில் தேடினால் பதில் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி குளிர் நாட்டில், ஹீட்டர் போட்ட அறையில் இருந்து பேசுகிறவர்களுடையது. மரம் காய்ந்து வெடிக்காமல் இருக்க பெட்டிக்குள் ஈரம் வையுங்கள் என்பார்கள். நமக்குப் பிரச்சினை நேர் எதிர். ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை, அதற்கு மேல் கடல் உப்பு. அதனால் இங்கே இருந்து பார்த்து, இங்கே வாசிக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில்: எங்கே, யாரோடு?

எது சுலபம் என்பதைப் பிறகு பார்க்கலாம். வாங்கிய பிறகு எங்கே வாசிக்கப் போகிறீர்கள், கூட யார் இருப்பார்கள், இதை முடிவு செய்துவிட்டால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது.

வீட்டில், தனியாக அல்லது இரண்டு மூன்று பேர் சேர்ந்து பாடத்தான் என்றால் தயங்காமல் உகுலேலே வாங்குங்கள். குரலை அமுக்காது, பக்கத்து வீட்டுக்காரருக்கும் தொந்தரவு இல்லை, கையில் எடுத்த முதல் வாரமே ஒரு பாட்டை முழுசாகப் பாடி முடிக்கலாம். இந்தக் கடைசி விஷயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். ஒரு பாட்டை முடித்த சந்தோஷம்தான் அடுத்த நாளும் கருவியை எடுக்க வைக்கும்.

சர்ச் குவயரில் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்பது ஆசையானால் கிட்டார்தான். நம் மாவட்டத்தில் கிட்டார் கற்கிறவர்களில் கணிசமானவர்களுக்கு இதுதான் காரணம் என்பதால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். குவயரில் ஒரு கீபோர்டு இருக்கும், பல இடங்களில் ட்ரம்ஸ் இருக்கும், இருபது முப்பது பேர் வாய்விட்டுப் பாடுவார்கள். அங்கே உகுலேலே வாசித்தால் உங்களுக்கே கேட்காது. அதன் ஒலிப்பெட்டி சின்னது, கீழ்ச்சுருதி கிடையவே கிடையாது. கிட்டாரின் தடித்த கம்பி ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது, வழக்கமான உகுலேலேயின் மிகக் கீழான கம்பியே 261 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. கூட்டமாகப் பாடும்போது அடியில் தாங்கிப் பிடிப்பது அந்தக் கீழ்ச்சுருதிதான். டிசம்பர் கரோல் சுற்றும்போதும் இதே கதை, ட்ரம் சத்தத்துக்கு நடுவே தெருவில் நடந்துகொண்டே வாசித்தால் உகுலேலே காற்றோடு போய்விடும். பிக்கப் (கருவியின் ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்புகிற சாதனம்) வைத்து ஸ்பீக்கரில் சேர்க்கிற உகுலேலே உண்டு, அதைப் புதிதாக வருகிறவர் முதலிலேயே வாங்க வேண்டியதில்லை.

சினிமாப் பாட்டுகளில் வருகிற கிட்டார் துண்டுகளை அப்படியே வாசிக்க ஆசையா? அதுவும் கிட்டார்தான், அந்தத் துண்டுகளில் பாதி தடித்த கம்பிகளில் வருகிறது. டிரினிட்டி கிரேடு தேர்வு எழுத வைக்க வேண்டும் என்று நினைக்கிற பெற்றோர் நேராகக் கிளாசிக்கல் கிட்டாருக்கே போவது நல்லது.

பிள்ளைக்கு எட்டு வயதுக்குக் கீழே என்றால், மற்ற எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு உகுலேலே. பிஞ்சு விரலை ஸ்டீல் கம்பியில் வைத்து அழுத்தச் சொல்வது அந்தப் பிள்ளைக்கு இசையின் மேலேயே வெறுப்பு வரச் செய்யும்.

கையில் எடுத்துப் பார்த்தால் தெரிகிற வித்தியாசம்

உகுலேலேக்கு நாலு கம்பி, எல்லாம் நைலான் வகை. கிட்டாருக்கு ஆறு, அக்கூஸ்டிக் என்று கடையில் தருவது ஸ்டீல் கம்பி, கிளாசிக்கல் என்று தருவது நைலான் கம்பி. ஸ்டீல் கம்பி கிட்டாரில் ஆறு கம்பியும் சேர்ந்து மரத்தை இழுக்கும் விசை ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமம். கிளாசிக்கலில் 40 கிலோ பக்கம், உகுலேலேயில் 20 கிலோ பக்கம்தான். விரல் வலிக்கிறது என்று சொல்வதெல்லாம் இந்தக் கணக்கில் அடங்கிவிடுகிறது. ஸ்டீல் கம்பியில் தினம் வாசித்தால் இரண்டு மூன்று வாரத்தில் விரல் நுனி காய்த்துப் போகும், அதற்கு அப்புறம் வலி தெரியாது. ஆனால் அந்த இரண்டு மூன்று வாரத்தில்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். எங்கள் பக்கத்துக் குவயரில் பல வருஷமாக வாசிக்கிற ஒரு அண்ணன் புதிதாக வருகிற பையன்களிடம் தவறாமல் சொல்வது: "மக்கா, வெரலு வலிக்குன்னு ஒரு நாளு விட்டா ஒரு வாரம் பின்னால போயிரும், அஞ்சு நிமிசமாவது தொடு." சரியான வார்த்தை.

விரல் எட்ட வேண்டிய தூரமும் முக்கியம். சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரில் கம்பியின் ஒலிக்கும் நீளம் இருபத்தைந்தரை இஞ்ச், கன்சர்ட் அளவு உகுலேலேயில் பதினைந்து இஞ்ச். இதனால் கழுத்து நுனியில் கம்பியைத் தாங்கும் நுனிக்கட்டையில் இருந்து முதல் ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) வரை கிட்டாரில் மூன்றரை சென்டிமீட்டர் வருகிற இடம் உகுலேலேயில் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம்தான். சின்னக் கைக்கு இது வரம். தடித்த விரல் உள்ளவர்களுக்கோ கொஞ்சம் நெருக்கமாக இருக்கும், பழகிவிடும்.

இன்னொரு விஷயம் பலர் சொல்வதில்லை. எந்த கார்டு (சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்க விரல் வைக்கிற பிடி) சுலபம் என்பது இரண்டிலும் தலைகீழ். கிட்டாரில் எஃப் கார்டு புதியவர்களை அழ வைக்கும், ஒரே விரலைப் படுக்கப் போட்டு ஆறு கம்பியையும் அழுத்த வேண்டும். உகுலேலேயில் அதே எஃப் இரண்டே விரல். ஈ மேஜர் கிட்டாரில் முதல் மாதப் பாடம். உகுலேலேயில் அதைப் பிடிக்க வருஷக்கணக்காக வாசிக்கிறவர்களே முகம் சுளிப்பார்கள். சி, எஃப், ஜி, ஏ மைனர் வருகிற பாட்டுகள் உகுலேலேக்கு உட்காரும். ஈ, ஏ, டி, ஜி வருகிறவை கிட்டாருக்கு உட்காரும். வாங்குவதற்கு முன்னால் நீங்கள் பாட ஆசைப்படுகிற ஐந்து பாட்டின் கார்டுகளை இணையத்தில் தேடி ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், பதில் அதிலேயே கிடைத்தாலும் கிடைக்கும். கேப்போ என்கிற கவ்வியைப் போட்டு சுருதியை மாற்றிக்கொள்ளலாம், அது இரண்டுக்கும் கிடைக்கும்.

உகுலேலேயை விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிற வழக்கம் இங்கே இருக்கிறது, அது எனக்கு வருத்தம் தருகிற விஷயம். 1879இல் ராவன்ஸ்கிராக் என்ற கப்பலில் போர்ச்சுகலின் மதீராத் தீவில் இருந்து ஹவாய்க்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்கள் தங்கள் ஊர்ச் சின்னக் கம்பிக்கருவிகளையும் கொண்டு போனார்கள். அவர்களில் மூன்று தச்சர்கள் அங்கே செய்யத் தொடங்கியதில் இருந்துதான் உகுலேலே வளர்ந்தது. இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் உருவமும் அதே 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் அந்தோனியோ டி டோரஸ் கையில் வந்து நின்றதுதான். ஒன்று பெரியது, மற்றது அதன் பொம்மை என்று இல்லை. இரண்டும் தனித்தனிக் கருவிகள்.

என்ன அளவு, என்ன விலை

உகுலேலேயில் சொப்ரானோ, கன்சர்ட், டெனர், பாரிட்டோன் என்று நாலு அளவு. சின்னப் பிள்ளைக்கு 21 இஞ்ச் சொப்ரானோ. பத்து வயதுக்கு மேல் யாராக இருந்தாலும் 23 அல்லது 24 இஞ்ச் கன்சர்ட், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நாளைக்குக் கிட்டாருக்குப் போவேன் என்று உறுதியாக இருக்கிறவர்களுக்கு 26 இஞ்ச் டெனர். பாரிட்டோன் வேறு சுருதி, கிட்டாரின் மெல்லிய பக்கத்து நாலு கம்பியின் சுருதியே அதற்கும். முதல் கருவியாக அது வேண்டாம், கற்றுத் தருகிற வீடியோக்கள் பெரும்பாலும் மற்ற மூன்றுக்கும் உரியவை.

ஆயிரம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் வருகிற, பளபளக்கும் வண்ணம் அடித்த உகுலேலேக்களை விட்டுவிடுங்கள். சுருதி நிற்காது. பிள்ளை தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். 2,500 முதல் 4,000 ரூபாய்க்குள் கற்றுக்கொள்ளத் தகுந்தது கிடைக்கும். கிட்டாருக்கு 6,000 முதல் 10,000 வரை ஒதுக்க வேண்டும். யமஹாவின் எஃப்310 ஸ்டீல் கம்பியிலும் சி40 நைலான் கம்பியிலும் பல வருஷமாகத் தொடக்கக்காரர்கள் வாங்குகிறவை. விலை ஏறி இறங்கும், போகும் முன் ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கிட்டார் என்று முடிவு செய்துவிட்ட, ஆனால் விரல் வலிக்குப் பயப்படுகிற பெரியவர்களுக்கு என் யோசனை நைலான் கம்பிக் கிளாசிக்கல் கிட்டார். கழுத்து அகலம், அதனால் பிடிப்பது கொஞ்சம் சங்கடம்; ஆனால் கம்பி மிருது, ஸ்டீல் மாதிரித் துருப்பிடிக்கவும் செய்யாது. ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: நைலானுக்குச் செய்த கிட்டாரில் ஸ்டீல் கம்பி போடவே கூடாது, உகுலேலேயிலும் அப்படித்தான். நாற்பது கிலோ தாங்கச் செய்த மரத்தில் எழுபது கிலோவை ஏற்றினால் பிரிட்ஜ் (உடலின் மேல் கம்பியைக் கட்டியிருக்கும் கட்டை) பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

சாலிட் மரம் (ஒட்டாத ஒரே பலகை) என்று விலை ஏற்றிச் சொன்னால் மயங்காதீர்கள். ஒலி நன்றாக இருக்கும், உண்மைதான். ஆனால் நம் ஊர் ஈரத்தில் ஒட்டுப்பலகையில் செய்தது உப்பாமல் வளையாமல் நிற்கும், முதல் கருவிக்கு அது போதும்.

கடையில் செய்ய வேண்டியது

நாகர்கோவிலில் கடைகள் இருக்கின்றன, நிறைய வகை பார்க்க வேண்டும் என்றால் காலை ரயிலில் திருவனந்தபுரம் போய்விட்டு மாலை திரும்பிவிடலாம். ஆன்லைனில் வாங்குவதை நான் தடுக்கவில்லை, ஆனால் புதியவர் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதே நல்லது. வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். யாரும் இல்லையென்றாலும் கீழே சொல்கிற மூன்று சோதனையை நீங்களே செய்யலாம், எந்தக் கடைக்காரரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஒன்று, கம்பியின் உயரம். பாக்கெட்டில் இருந்து இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே, கம்பிக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கம்பியை லேசாகத் தொட்டுக்கொண்டு உள்ளே போனால் நல்லது. அடியில் தாராளமாக இடம் விட்டு ஆடினால் கம்பி ரொம்ப உயரம், அழுத்தி அழுத்தி விரல் போய்விடும். கிளாசிக்கல் கிட்டாரில் மட்டும் தடித்த கம்பி இதைவிடக் கொஞ்சம் உயர்ந்து இருப்பது வழக்கம், அதைக் குறையாக நினைக்க வேண்டாம்.

இரண்டு, சுருதி சரியாக உட்காருகிறதா என்பது. போனில் ஒரு ட்யூனர் ஆப் போட்டுக்கொள்ளுங்கள். கம்பியைச் சும்மா மீட்டினால் காட்டுகிற எழுத்தையே பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினாலும் காட்ட வேண்டும். முள் நடுவில் இருந்து கொஞ்சம் விலகினால் பரவாயில்லை, வேறு எழுத்தை நோக்கிப் போனால் அந்தக் கருவியை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். மலிவான உகுலேலேக்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மூன்று, ஃப்ரெட் ஒவ்வொன்றிலும் விரல் வைத்து ஒவ்வொரு கம்பியாக மீட்டிப் போங்கள். எங்காவது கரகர என்று இரைந்தால் பெரும்பாலும் அதற்கு அடுத்து, உடல் பக்கமாக இருக்கிற ஃப்ரெட் உயர்ந்து நிற்கிறது. கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள், உலோக முனை குத்தக் கூடாது.

பழையது வாங்கலாமா என்றால், தாராளமாக. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் நல்ல கிட்டாரைச் சொற்ப விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவதுண்டு. அதில் பிரிட்ஜைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும்: பின்பக்க ஓரத்தில் ஒரு விசிட்டிங் கார்டின் முனையை நுழைக்க முயலுங்கள். நுழைந்தால் ஒட்டு விட்டுக்கொண்டிருக்கிறது, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

உப்புக்காற்று

குளச்சல், முட்டம், மணக்குடி, கன்னியாகுமரி என்று கடலை ஒட்டி வீடு உள்ளவர்களுக்கு இது கருவி தேர்வையே மாற்றக்கூடிய விஷயம். ஸ்டீல் கம்பி அங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும். முதலில் கறுப்புப் புள்ளி தெரியும், அப்புறம் விரலை நகர்த்தும்போது சொரசொரக்கும், பிறகு ஒலி மந்தமாகி, ஒரு நாள் ட்யூன் செய்யும்போது பட்டென்று அறுந்துவிடும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் உலர்ந்த பருத்தித் துணியால் மேலும் கீழும் துடைத்துவிட்டு உறையில் போட்டால் ஆயுசு கூடும். கோட்டிங் போட்ட கம்பி செட் இரண்டு மூன்று மடங்கு விலை, கடற்கரை வீட்டுக்கு அந்தக் காசு தகும்.

உகுலேலேயின் நைலான் வகைக் கம்பிக்கு இந்தக் கவலை கிடையாது. உகுலேலேக்கு வருகிற நல்ல கம்பிகளில் பல, மீன்பிடிக்கப் பயன்படுகிற ஃப்ளோரோகார்பன் தங்கூசியின் இனம். கடலுக்காகவே செய்த பொருளைக் கடற்காற்று என்ன செய்துவிடும்? அதற்காகத் துறைமுகக் கடையில் தங்கூசி வாங்கிக் கட்டலாமா என்று பையன்கள் கேட்பார்கள். தடிமன் ஒவ்வொரு கம்பிக்கும் கணக்காக வர வேண்டும், சாதாரண நைலான் தங்கூசி இழுபட்டுக்கொண்டே இருக்கும். செட் நூற்றுக்கணக்கு ரூபாயில் கிடைக்கும்போது அந்தச் சோதனை தேவையில்லை. கம்பி துருப்பிடிக்காவிட்டாலும் அதை முறுக்குகிற ட்யூனிங் கீயின் பல்சக்கரம் உலோகம்தான், அதில் மாதம் ஒரு முறை துளி தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள், மரத்தில் படாமல்.

குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் உப்பு இல்லை, ஆனால் ஈரம் இருக்கிறது. மழைக்காலத்தில் உறைக்குள் பூசணம் பூக்கும். சுவரை ஒட்டிச் சாய்த்து வைக்காமல் உள்சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள், அல்லது பீரோவில் வைத்து சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போடுங்கள். தரையில் வைக்க வேண்டாம், கரையான் வேறு இருக்கிறது. வெயிலில் நிற்கிற காருக்குள் விட்டுப் போவது இது எல்லாவற்றையும் விடக் கெடுதல், பசை இளகிவிடும்.

முதல் சில வாரம்

உகுலேலேயின் சுருதி, முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கம்பியில் தொடங்கி ஜி, சி, ஈ, ஏ. இதில் ஜி மற்ற கருவிகள் மாதிரி தடித்த ஒலியாக இருக்காது, சி, ஈ இரண்டையும் விட மேலே நிற்கும். அது பிழை இல்லை, உகுலேலேக்கே உரிய துள்ளல் அதனால்தான் வருகிறது. கிட்டாருக்கு ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. புது நைலான் கம்பி ஒரு வாரம் பத்து நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும். ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கிவிடும், கருவி கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடாதீர்கள். ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் ட்யூன் செய்யுங்கள், தானாக நின்றுவிடும்.

இடது கை நகத்தை ஒட்ட வெட்டுங்கள். ஃப்ரெட் கம்பிக்கு மேலேயே விரல் வைக்காமல், அதற்குச் சற்றுப் பின்னால், நுனியால் அழுத்துங்கள்.

உகுலேலேயில் நாலு கார்டு போதும், நூற்றுக்கணக்கான பாட்டு வந்துவிடும். சி: தரையைப் பார்த்திருக்கும் ஏ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட், மோதிர விரல், அவ்வளவுதான். ஏ மைனர்: முகத்துக்குப் பக்கத்து ஜி கம்பியில் இரண்டாவது ஃப்ரெட், நடுவிரல். இப்போது நடுவிரலை எடுக்காமலே ஆள்காட்டி விரலை ஈ கம்பியின் முதல் ஃப்ரெட்டில் வையுங்கள், எஃப் வந்துவிட்டது. அடுத்து ஆள்காட்டி விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, நடுவிரலை ஒரு கம்பி தள்ளி சி கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டுக்கு நகர்த்தி, மோதிர விரலை ஏ கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டில் வைத்தால் ஜி செவன். ஒவ்வொரு மாற்றத்திலும் எந்த விரல் அசையாமல் நிற்கிறது என்று பாருங்கள். அந்த விரலைத் தூக்காமல் இருக்கப் பழகுவதுதான் முதல் மாதத்தின் முழுப் பாடமும். கையை மொத்தமாக எடுத்துவிட்டுப் புதிதாகத் தேடி வைக்கிறவர்களுக்கு வருஷக்கணக்கானாலும் பாட்டு நடுவில் தடுக்கும்.

கிட்டாரிலும் இதே வழி. கம்பியைத் தரைப் பக்கத்து மெல்லியதில் இருந்து எண்ணுவார்கள், மிகத் தடித்தது ஆறாவது. ஈ மைனர் இரண்டு விரல்: ஐந்தாவது, நாலாவது கம்பிகளில் இரண்டாவது ஃப்ரெட். அதில் தொடங்கி, பிறகு சி, ஏ மைனர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கும், மோதிர விரல் மட்டும் ஐந்தாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் இருந்து மூன்றாவது கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டுக்குப் போகும். எஃப் வேண்டாம், மூன்றாவது மாதம் பார்க்கலாம்.

வலது கைக்கு முதலில் கீழ்நோக்கி மட்டும், எண்ணிக்கொண்டு, மெதுவாக. இணையத்தில் சொல்லித் தருகிற மேலும் கீழுமான ஸ்ட்ரம்மிங் பெரும்பாலும் நாலு எண்ணிக்கைக்கு உரியது. நம் கீர்த்தனைகளிலும் பழைய சினிமாப் பாட்டிலும் மூன்று எண்ணிக்கை நிறைய வரும். அதனால் ஒன்று-இரண்டு-மூன்று என்று அடிப்பதையும் சேர்த்தே பழகுங்கள், ஒன்றில் கொஞ்சம் அழுத்தம் கொடுத்து. உகுலேலேயில் ஆள்காட்டி விரலின் நகத்தால் கீழே, சதையால் மேலே. அடிக்க வேண்டிய இடம் ஓட்டைக்கு மேலே இல்லை, கழுத்து உடலோடு சேருகிற இடம். கிட்டாரில் பிக் (கம்பியை மீட்டுகிற சின்ன வில்லை) பயன்படுத்தினால் மெல்லியதாக எடுங்கள்.

பாட்டை முதல் நாளில் இருந்தே வாய்விட்டுப் பாடுங்கள். கார்டு சுத்தமாக வந்த பிறகு பாடலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. பாடிக்கொண்டே வாசித்தால் கை தவறினாலும் தாளம் நிற்காது, தாளம் நின்றால்தான் பாட்டு நிற்கிறது. தினம் பதினைந்து நிமிஷம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்காருவதால் அதற்கு ஈடு வராது.

உகுலேலேயில் தொடங்கிக் கிட்டாருக்குப் போகிறவர்களுக்கு

முதலில் உகுலேலே படித்தால் பிறகு கிட்டாருக்குக் கை குழம்பிவிடும் என்று சொல்வார்கள். குழம்பாது. கிட்டாரை எடுத்து ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, தடித்த இரண்டு கம்பியையும் மறந்துவிட்டு மீதி நாலையும் மீட்டிப் பாருங்கள்: ஜி, சி, ஈ, ஏ. உகுலேலேயின் அதே எழுத்துகள். ஜி மட்டும் ஒரு ஸ்தாயி கீழே. உங்கள் விரலுக்குத் தெரிந்த பிடி எல்லாம் அப்படியே வேலை செய்யும். கேப்போவை எடுத்துவிட்டால் பிடி அதேதான், பெயர் மட்டும் மாறும். உகுலேலேயில் சி என்று பிடித்தது கிட்டாரில் ஜி, எஃப் என்று பிடித்தது சி, ஜி என்று பிடித்தது டி, ஏ மைனர் என்று பிடித்தது ஈ மைனர். அதனால் குவயருக்குப் போக வேண்டும், ஆனால் பிள்ளைக்கு ஏழு வயதுதான் என்றால் மூன்று நாலு வருஷம் உகுலேலே வாசிக்கட்டும், அந்த நேரம் வீண் போகாது. பத்துப் பதினொரு வயதில் முக்கால் அளவு கிட்டார் கையில் கொடுங்கள்.

மாறும்போது இடது கைக்குப் பெரிய சிரமம் இருக்காது, கம்பி கடினம் என்பது தவிர. வேலை வலது கைக்குத்தான். உகுலேலேயில் நாலு கம்பியையும் எப்போதும் ஒருசேர அடித்தே பழகியிருப்பார்கள். கிட்டாரில் சி பிடித்தால் ஐந்தாவது கம்பியில் இருந்தும், டி பிடித்தால் நாலாவது கம்பியில் இருந்தும்தான் அடிக்கத் தொடங்க வேண்டும், தடித்த கம்பி தவறிப் பட்டால் கார்டே கலங்கிவிடும். ஒரு வாரம் கார்டு மாற்றாமல் டி மட்டும் பிடித்துக்கொண்டு, நாலாவது கம்பியில் இருந்து அடிப்பதை மட்டும் பழகச் சொல்லுங்கள்.